மலை ஏறாத வண்டி

எங்கள் வீட்டில் கார் வாங்குவதென்று முடிவானபோது நான் நான்காம் வகுப்பு. கார் வந்து சேர்ந்தபோது ஆறாம் வகுப்பு. நடுவில் கிடந்த காலம் முழுவதும் அப்பா விசாரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கக்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

கார் ஆசை எங்கிருந்தோ வந்து குதித்ததல்ல. அதற்குக் காரணமே நான்தான். ஐந்து முடித்ததும் என்னைக் கீழே சமவெளியில் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்ப்பதென்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் சனிக்கிழமை பஸ் ஏறி வீட்டுக்கு வந்து ஞாயிறு திரும்பிப் போவார்கள். என்னால் அது முடியாது. கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்திலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். இறங்கும்போது ஐம்பத்திரண்டில் எனக்கு வயிறு புரள ஆரம்பிக்கும், நாற்பத்தொன்றில் வாந்தி வந்துவிடும். ஏறும்போது இன்னும் மோசம், பத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கண்டக்டர் என்னைப் பார்த்ததும் முதலில் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் கொடுப்பார், அப்புறம்தான் அப்பாவிடம் டிக்கெட் கேட்பார்.

பஸ்ஸில் வராவிட்டால் பரீட்சை லீவுக்குத்தான் வீடு. அதை நினைத்து ஒருநாள் நான் சாப்பிடாமல் அழுதபோது அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“கார் ஒண்ணு வாங்கிட்டா வாரம் தவறாம வந்து கூட்டிட்டு வாரேன் கண்ணு. ஜன்னலத் தொறந்து வெச்சுட்டு மெதுவாப் போலாம்.”

அந்த ஒரு பேச்சை நம்பித்தான் நான் தட்டில் கை வைத்தேன். அதற்கப்புறம் நடந்ததெல்லாம் விசாரணை.

புதுக் கார் எங்கள் மிளகு வருமானத்துக்குக் கட்டுப்படியாகாது, பழசுதான் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. பழசு வாங்குவதாக இருந்தால் கேட்டு வாங்க வேண்டும் என்று என்னுடைய ரஃப் நோட்டில் பாதியைக் கிழித்து எடுத்துக்கொண்டார். அதில் கேள்விகளை எழுதும் வேலை எனக்கு. வண்டி எத்தனை கை மாறியது, எங்கேயாவது இடித்ததா, மழைத்தண்ணீரில் நின்றதா, டயர் எப்போது மாற்றியது என்று இருபத்தாறு கேள்வி. அவர் சொல்லச் சொல்ல எழுதி எனக்கு விரல் வலித்தது. இவையெல்லாம் பரவாயில்லை. முதல் கேள்விதான் எங்கள் உயிரை வாங்கியது. வண்டி மலை ஏறியிருக்கிறதா?

மலை ஏறின வண்டி கூடாது என்பது அப்பாவின் கட்சி. மலை ஏறினால் கிளட்ச் போய்விடும், பிரேக் தேய்ந்துவிடும், இன்ஜினுக்கு மூச்சு வாங்கும், ஆகவே இதுவரை எந்த மலையையும் மிதிக்காத வண்டியாகப் பார்த்து வாங்கி அதை எழுபது வளைவும் ஏற்ற வேண்டும். இதில் ஏதோ இடிக்கிறது என்று நான்காம் வகுப்பிலேயே எனக்குத் தோன்றியது. சொன்னால் யார் கேட்கிறார்கள்?

எங்கள் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடையாது. மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களைத் தாண்டி மேலே ஒரு பாறை உண்டு, அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பாவும் நானும் அங்கே போவோம். விற்பனைக்கு வந்த கார்களின் படங்களை அப்பா போனில் திறப்பார். படம் கூரையிலிருந்து கீழ்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வரும். கண்ணாடி தெரிவதற்குள் கொசு கடித்துவிடும், சக்கரம் தெரிவதற்குள் இருட்டிவிடும். அப்புறம் அந்த எண்ணுக்குப் பேசுவார். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாக வாசிக்க, அவர் அதையே போனில் உரக்கச் சொல்வார்.

விற்கிறவர்களுக்கு எங்கள் அப்பாவின் மனசு தெரியாதல்லவா. பேசுகிறவர் மலைக்காரர் என்று தெரிந்ததும் சந்தோஷமாக, ஊட்டி, ஏற்காடு எல்லாம் சும்மா பறந்து ஏறின வண்டிங்க என்பார்கள். அப்பா உடனே வேண்டாமுங்க என்று வைத்துவிடுவார். ஒருவர் விவரமானவர், மேம்பாலம் தவிர இந்த வண்டி மேடே பார்த்ததில்லை என்றார். நான் பாறையிலிருந்து குதிக்காத குறை. அப்பா போனைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு என்னிடம், மேடே பாக்காத வண்டி நம்ம மேட்டுல ஏறும்னு எப்படி நம்பறது என்றார். அந்த வண்டியும் போயிற்று.

அம்மாவுக்கே பொறுமை விட்டுப்போனது. மாடா என்ன, பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குவதற்கு என்று ஒருநாள் கேட்டாள். அம்மாவின் தம்பி, என் மாமா, மரவள்ளிக்கிழங்கும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு பிக்கப் வண்டியில் தினமும் கீழே போய் வருகிறவர். ஒரு கையில் போனும் ஒரு கையில் ஸ்டீரிங்குமாக வளைவு எடுப்பார். மலைமேல் பெரக்கரை நாடு, திண்ணனூர் நாடு என்று எந்த ஊரின் சந்து வழியிலும் அவர் வண்டி புகுந்து வரும். அவர் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சுதான்.

“மச்சான், நீங்க கார் வாங்கறதுக்குள்ள புள்ளைக்குக் கல்யாணமே ஆயிருமாட்ட இருக்குதுங்க.”

அப்பா சிரித்து மழுப்புவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

நான் ஐந்தாம் வகுப்பு வந்து, தை மாதம் மிளகு பறிப்பு முடிந்ததும், அப்பா ஒரு புது வழக்கம் பிடித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வண்டி பார்க்கக் கீழே போவார். பொழுது சாய்கிற நேரத்துப் பஸ்ஸில் வெறுங்கையோடு திரும்புவார். என்னையும் கூட்டிப் போகச் சொன்னால், வாந்தி எடுப்பாய் என்று சொல்லிவிடுவார். அதற்கு மேல் நான் என்ன பேச முடியும்.

வந்ததும் நோட்டை எடுத்து ஒரு வரி எழுதுவார். அதை நான் எட்டிப் பார்த்துவிடுவேன். முதல் ஞாயிறு, வெள்ளை வண்டி, 7. அடுத்த ஞாயிறு, வெள்ளை வண்டி, 7. அதற்கடுத்த ஞாயிறு 11. அப்புறம் 9. நான் அதைப் பார்த்ததும் புரிந்துகொண்டேன். அப்பா வண்டிகளுக்கு மார்க் போடுகிறார். பத்துக்கு மேல் போவதால் பத்துக்கு அல்ல, நூறுக்கு. முப்பத்தைந்து எடுத்தால்தானே பாஸ், ஒரு வண்டிகூட அதன் பக்கத்தில் வரவில்லை. எங்கள் கணக்கு டீச்சர்கூட இவ்வளவு கஞ்சத்தனமாக மார்க் போட்டதில்லை. எல்லாம் வெள்ளையாகவே இருப்பதும் எனக்கு எரிச்சலாக இருந்தது. கீழே யாரும் சிவப்புக் கார் விற்க மாட்டார்களா?

போதாக்குறைக்கு வந்து படுத்ததும் கால் வலி என்பார். இடது கால். அம்மா முணுமுணுக்காமல் கெண்டைக்காலில் தைலம் தேய்த்துவிடுவாள். ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி மரத்தின் உச்சியில் நின்று நாள் முழுக்க மிளகு பறிக்கிறவர் எங்கள் அப்பா. கீழே நின்று யாராவது பார்த்தால் அவர்களுக்குத்தான் தலை சுற்றும். அவருக்கு நின்று ஒரு காரைப் பார்த்துவிட்டு வந்ததில் கால் வலிக்கிறதாம். சட்டை முதுகெல்லாம் வேர்த்து உப்புப் பூத்திருக்கும். எனக்கு அது நடிப்பாகவே பட்டது. வாங்க மனசில்லாதவர் ஆயிரம் காரணம் சொல்வார் என்று அம்மாவிடமே சொன்னேன். அம்மா தைலப் புட்டியை மூடிவிட்டு, வாயைக் கொஞ்சம் மூடு என்றாள்.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மார்க் பதினாறு, இருபத்து மூன்று, மறுபடி இருபத்து மூன்று, முப்பத்தொன்று என்று தவழ்ந்தது. நான் முழுப் பரீட்சையும் எழுதி முடித்துவிட்டேன். விடுதிக்குப் பெட்டி வாங்கியாகிவிட்டது, தட்டிலும் டம்ளரிலும் என் பெயரை வெட்டி வாங்கியாகிவிட்டது. கார் மட்டும் இன்னும் பரிசீலனையில் இருந்தது.

வைகாசியில், பள்ளி திறக்க ஒரு வாரம் இருந்தபோது, அப்பா காலையில் சட்டை போட்டுக்கொண்டே, இன்றைக்கு முடித்துவிடுவேன் என்று அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எனக்கு அது போதாதா. கூடப் படித்த பிள்ளைகள் நான்கு பேரிடம் சொல்லிவிட்டேன். அம்மாவை நச்சரித்துச் சக்கரத்துக்கு வைக்க நாலு எலுமிச்சம்பழம் எடுத்துவைத்தேன், குங்குமம் குழைத்துவைத்தேன். சாயங்காலம் ஐந்து பேரும் ரோட்டோரத்தில் போய் நின்றோம். கீழேயிருந்து சத்தம் கேட்கும்போதெல்லாம் ஓடி ஓடிப் பார்த்தோம். ஒரு லாரி வந்தது. சுற்றுலாக்காரர்கள் வேன் வந்தது. மாமாவின் பிக்கப் வந்தது. கடைசியில் பஸ் வந்தது. அதிலிருந்து ஒரு பை மாம்பழத்தோடு அப்பா இறங்கினார்.

பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படி ஒரு அவமானத்தை அதற்குமுன் நான் பட்டதில்லை. வீடு வரைக்கும் அவரோடு பேசாமல் நடந்தேன். அவர் நோட்டில் எழுதி முடித்ததும் பிடுங்கிப் பார்த்தேன். வெள்ளை வண்டி, 46.

“நாப்பத்தாறுன்னாப் பாஸ்தானுங்கப்பா. அப்புறமும் எதுக்கு வாங்கல?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சிரிக்கப் போகிறாரோ என்று இருந்தது. சிரிக்கவில்லை.

“அது பத்தாது கண்ணு.”

பத்தாதாம். நாற்பத்தாறு வாங்கிய வண்டிக்கு வீட்டுக்கு வரத் தகுதியில்லை, நான் மட்டும் பரீட்சை லீவு வரைக்கும் விடுதியில் கிடக்கலாம். அவர் குளிக்கப் போனதும் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தேன். அந்த வரிக்குக் கீழே ‘அப்பா’ என்று எழுதி, எதிரில் பெரிதாக ஒரு முட்டை போட்டேன். டீச்சர் போடுவதுபோல அதன் அடியில் இரண்டு கோடும் இழுத்தேன். நோட்டை அவர் கண்ணில் படும்படி திறந்தே வைத்தேன்.

அவர் பார்த்தார். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் கதவுக்குப் பின்னால் நின்று அவர் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு மாம்பழத்தை நறுக்கி எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். நான் சாப்பிடவில்லை.

விடுதிக்குப் பஸ்ஸில்தான் போனேன். நாற்பத்தொன்றாவது வளைவில் வழக்கம்போல வாந்தி எடுத்தேன். அப்பா என் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அவர் கையைத் தட்டிவிட்டேன்.

ஆனி முழுக்கச் சனிக்கிழமைகளில் விடுதி காலியாகும். நானும் சமையல்கார அக்காவும் இருப்போம். என்னைப் பார்க்க அப்பாவோ அம்மாவோ பஸ்ஸில் வந்துவிட்டுப் போவார்கள். அப்பா வந்தால் அரை மணி நேரம்தான், அவசரமாக எங்கேயோ கிளம்பிவிடுவார். வண்டி பார்க்கவா என்று கேட்டால் ஆமாம் என்பார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

ஆடி பிறந்து முதல் சனிக்கிழமை, பள்ளி வாசலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அப்பா அதன் பக்கத்தில் நின்றார். முன் சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தாள், கால் இரண்டையும் சீட்டின்மேல் தூக்கி மடக்கி வைத்துக்கொண்டு. ஏன் அப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்று கிட்டே போய் எட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கம் இருப்பதுபோலவே அந்தப் பக்கமும் கீழே கிளட்சும் பிரேக்கும் இருந்தன. முன்கண்ணாடியில் சிவப்பு எழுத்தைச் சுரண்டிய தடம், நன்றாகப் பார்த்தால் ஆங்கில எல். கதவில் மஞ்சளாக ஏதோ எழுதி அழித்திருந்தார்கள்.

டிரைவிங் ஸ்கூல் கார். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஏறி மிதித்துப் பழகிய கார். இரண்டு வருஷம் பாறைமேல் நின்று தொண்டை கிழியக் கேள்வி கேட்டு, இருபத்தாறு கேள்விக்கும் பதில் வாங்கி, கடைசியில் இது. வாசலில் மற்றப் பெண்கள் நின்று பார்த்தார்கள். நான் பின் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அடிவாரத்தில் நிறுத்தி அப்பா தண்ணீர் குடித்தார், கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஏற ஆரம்பித்ததும் அம்மா ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. எதற்கு என்று கேட்டதற்கு, சும்மா இரு சாமி என்றாள். ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் ஹாரன் அடித்து, நின்று, அப்புறம் எடுத்தார். பின்னால் வந்த வண்டிகளெல்லாம் கத்திவிட்டு முந்திப் போயின. மாமாவின் பிக்கப் முந்தும்போது அவர் தலையை வெளியே நீட்டி, நடந்தே போயிரலாங்க மச்சான் என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் வேகமாகப் போகச் சொல்லிப் பார்த்தேன். முன்னால் இருந்த இருவரும் திரும்பவே இல்லை. அப்பாவின் பின்கழுத்தில் வேர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அம்மா எழுபது என்று படித்தபோது அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஸ்டீரிங்மேல் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தார். அப்போதுதான் பார்த்தேன், என் மடியில் இருந்த கவர் காலியாக இருந்தது.

சென்ற வருஷம் நான் கார் ஓட்டப் பழகினேன். மலைக்குக் கீழே சேந்தமங்கலத்தில், எங்கள் கார் முன்பு ஓடிய அதே டிரைவிங் ஸ்கூல்தான், அங்கே சொல்லிக்கொடுக்கிறவரும் அந்தக் காலத்து ஆள்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. சமதரையில் ஒரு வாரம் ஓட்டினேன். பிறகு மலைப்பாதைக்குக் கூட்டிப்போனார். ஏழாவது வளைவில் எதிரே பஸ் வந்தது. பாதி வளைவில் நிறுத்தினேன், வண்டி பின்னால் இரண்டடி நழுவியது. கிளட்சை மிதித்து மிதித்து என் இடது கெண்டைக்கால் கடுத்தது. அவர் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டுச் சிரித்தார்.

“உங்கப்பாவும் மொத நாள் இங்கதானுங்க கண்ணு நின்னாரு. எறங்கி அந்தச் சுவத்து மேல உக்காந்துட்டாரு. எனக்கு வேண்டாமுங்க, நீங்களே எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு.”

லைசென்ஸ் அப்பாவுக்கு எளிதாகக் கிடைத்துவிட்டதாம். மைதானத்தில் எட்டுப் போடுவதில் அவருக்குச் சிரமமில்லை. மலைதான் பயம். எங்களிடமும், முக்கியமாக மாமாவிடமும், சொல்ல வெட்கம். மனதில் பயம் இருக்கும் வரைக்கும், எந்த வளைவு வரை போனீர்களோ அந்த எண்ணை வீட்டுக்குப் போய் எழுதிவையுங்கள் என்று இவர்தான் சொல்லியிருக்கிறார். எழுபது ஆகாமல் புள்ளையை வண்டியில ஏத்த மாட்டேன் என்று அப்பா சொன்னாராம். அந்த நோட்டு இன்னும் இருக்கிறதா என்று சொல்லிக்கொடுக்கிறவர் என்னிடம் கேட்டார்.

இருக்கிறது. அந்த ஆடிச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து இறங்கியதும் காரில் முன்சீட்டுக்கு எதிரே இருந்த பெட்டியைத் திறந்தேன், நோட்டு கிடந்தது. நாற்பத்தாறுக்குக் கீழே நான் போட்ட முட்டை, அதற்குக் கீழே நான் இழுத்த இரண்டு கோடு. முட்டைக்கு முன்னால் நீலப் பேனாவில் யாரோ ஒரு ஏழு போட்டிருந்தார்கள். அப்பா, 70.

பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. என் கிளாஸில் ஒருத்தி ரேங்க் கார்டில் இதையே செய்துதான் ஹெட்மிஸ்ட்ரஸ் முன்னால் நின்றாள். நோட்டோடு போய், தானே மார்க்கைத் திருத்திக்கொள்வது தப்பு என்று அவரிடம் சொன்னேன். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“அப்ப நீயே பக்கத்துல ஒரு கையெழுத்துப் போட்டுக் குடு கண்ணு. சரியாப் போயிரும்.”

திருத்தின மார்க்குக்கெல்லாம் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.